அத்தைக்கும் மருமகளுக்கும் ஒரே மாத்திரையா?

மார்பில் வந்த கட்டிக்கு ஆபரேஷன் முடிந்ததும், தினம் ஒன்று வீதம் ஐந்து வருஷம் சாப்பிட ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். லெட்ரோசோல், 2.5 மில்லிகிராம். பேரையூருக்கும் மதுரைக்கும் பஸ் ஏறி இறங்கி, இது மூன்றாவது வருஷம்.

போன மாசம் அண்ணன் மகள் வந்திருந்தாள். கல்யாணமாகி நாலு வருஷம்; குழந்தைக்காக வைத்தியம் பார்க்கிறாள். அவள் கைப்பையிலும் அதே பெயர் போட்ட அட்டை! மதினிக்கு முகம் வெளிறிவிட்டது. "கேன்சர் மாத்திரைய எம் மகளுக்கு ஏன் குடுத்தாக? முழுங்காதடி!" என்று அழவே ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த தடவை செக்கப்புக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன்.

மாதவிலக்கு நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அடியோடு நிற்பதில்லை. அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஆண் ஹார்மோனை, உடம்புக் கொழுப்பிலுள்ள அரோமடேஸ் என்ற என்ஸைம் ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. உறை ஊற்றினால் பால் தயிராகிறதே, அதுபோல. அந்த உறையைத்தான் இந்த மாத்திரை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. ஈஸ்ட்ரோஜனால் வளரும் வகைப் புற்றுநோய்க்குத் தீனி கிடைக்காது.

சின்னப் பெண்ணுக்குக் கதை வேறு. மாதவிலக்கின் ஆரம்பத்தில் ஐந்தே நாள் கொடுக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விழித்துக்கொண்டு சினைப்பையைத் தூண்டுகிறது, முட்டை வளர்கிறது.

மதினி பயந்ததும் அதிசயமில்லை. 2011-ல் நம் அரசாங்கமே குழந்தைப்பேறு வைத்தியத்துக்கு இதைத் தடை செய்திருந்தது. 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், சினைப்பை நீர்க்கட்டியுள்ள 750 பெண்களில், லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு மேல் குழந்தை பிறந்தது. பழைய மருந்தான குளோமிஃபினில் 19 பேருக்கு. 2017-ல் இங்கே தடை நீங்கியது.

என் பாடு? காலையில் விரல் மடங்காது, முழங்கால் பிடித்துக்கொள்ளும். "நிறுத்திப்புடுங்களேன்" என்கிறார் மதினி. நிறுத்தினால் வலி குறையலாம். நோய் திரும்பும் ஆபத்து கூடும். அதனால் நடக்கிறேன், கால்சியமும் வைட்டமின் டி-யும் சாப்பிடுகிறேன். எலும்பின் அடர்த்தியையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

சகோதரிகளே, வலி தாங்காவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், இதே வகையில் வேறு மாத்திரை உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள். பெயர் ஒன்றென்று ஒருவர் அட்டையிலிருந்து மற்றவர் எடுத்துச் சாப்பிடவும் வேண்டாம். கர்ப்பம் இல்லையென்று உறுதி செய்த பிறகே சின்னப் பெண்கள் இதைத் தொட வேண்டும்.