ஓலையும் செம்பும்

மணவூருக்கு அடுத்த ரெயில்வே ஸ்டேஷன் திருவாலங்காடு. 1905-இல் அங்கே கிடைத்த செப்பேடுகளில், பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்த ராஜேந்திர சோழனின் ஆணை இருக்கிறது. அரசன் வாயால் சொன்னதை முதலில் ஓலையில் எழுதினார்கள். பிறகு செம்பில் வெட்டினார்கள். ஓலையைத் திருத்துவது சுலபம். செம்பு அப்படியா? மறுபடி வெட்டாத வரையில் செல்லுபடியாவது பழையதுதான்.

என்னை இப்படி யோசிக்க வைத்தவன் மணவூரில் இருக்கும் என் அக்கா மகன். பக்கத்துக் கிராமத்துப் பால் சங்கம் ஒன்றுக்குப் பட்டுவாடாக் கணக்குப் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். 2022 நவம்பர் 5 முதல் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆயிற்று. பையனும் 32-ஐ அடித்து 35 என்று எழுதினான். ஆனால் மனிதன் எழுதும் மூலத்தை இயந்திரம் நேரே படிப்பதில்லை. கம்பைலர் அதை இயந்திர பாஷைக்கு மாற்ற வேண்டும், மாற்றியதுதான் ஓடும். அவசரத்தில் அவன் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டது முன்பே மாற்றி வைத்திருந்த பழைய பிரதி.

தினம் ஏழு லிட்டர் ஊற்றும் ஒரு அம்மாள், பதினான்கு நாளில் 294 ரூபாய் குறைகிறதென்று சங்கத்து வாசலில் வந்து நின்றாள். மாட்டுத் தீவனக் கடனுக்கு வைத்திருந்த பணம். பையன் மூலத்தை வரி வரியாகப் பார்த்தான். பிழையே இல்லை!

"சரியாத்தான் எழுதியிருக்கேன், மாமா. தப்பாவே வருது."

புரூப்பில் திருத்தியும் பழைய பிழையே புஸ்தகத்தில் அச்சாகி வரக் கண்டவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

1976-இல் அமெரிக்காவில், பெல் லாபரட்டரியிலும் இதே கூத்துத்தான். சரியான புரோகிராமில் ஒரு காலைப் பொழுது முழுவதும் தப்புத் தேடிய ஒருவர், திட்டிக்கொண்டே ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவரின் அறைக்குள் நுழைந்தார். திருத்தியிருந்தார், திருத்தியது கம்பைல் ஆகவில்லை. அதைக் கேட்ட ஃபெல்ட்மன் எழுதியதுதான் 'மேக்'. அதன் வேலை சுத்தக் குமாஸ்தா வேலை. மூலத்தைக் கடைசியாகத் தொட்ட நேரம் எது, மாற்றியதன் நேரம் எது என்று பார்க்கும். மூலம் பிந்தியதானால் மறுபடி மாற்றும். இல்லாவிட்டால் சும்மா இருக்கும். உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கவே படிக்காது. ஆகவே கடிகாரம் தப்பினால் அதுவும் தப்பும். குமாஸ்தாக்களில் இதைவிட மோசமானவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த பட்டுவாடாவில் பாக்கி முழுவதும் கொடுத்துவிட்டார்கள். இப்போது சங்கத்துச் சீட்டின் அடியில், புரோகிராம் கம்பைல் ஆன தேதியும் மணியும் பொடி எழுத்தில் அச்சாகிறது. அந்த அம்மாள் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்க்கிறாளாம்.