மேட்ச் அவ மேட்ச்

கார்த்திகை மாதத்தில் கால்பந்து நடுவருக்கு இரண்டு தலைவலி. ஒன்று, மைதானத்தில் நிற்கும் மழைத்தண்ணீர். இன்னொன்று, பையன்கள் கழுத்தில் கிடக்கும் ஐயப்பன் மாலை.

திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி அந்த மைதானம். அண்டர் 13 பையன்களுக்கான போட்டி. விசில் ஊத வந்தவர்கள் ஒரே வீட்டு ஆட்கள். துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டில் நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு வந்திருந்தார் அப்பா. மகள் பி.காம். படிக்கிறாள், மகன் பிளஸ் டூ. ஒரு விசில், இரண்டு கொடி என்று ஆட்டத்துக்கு வேண்டிய மூன்று பேரும் ஒரே வீட்டிலிருந்தே கிடைத்துவிட்டார்கள்.

முதல் வேலை தரையைப் பார்ப்பது. அப்பா பந்தைத் தோள் உயரத்திலிருந்து கீழே விடுகிறார். எழும்பினால் சரி, சப்பென்று உட்கார்ந்தால் அங்கே மணல் கொட்டச் சொல்கிறார். மகன் கோல் வலையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறான். மகள் பையன்களை வரிசையில் நிறுத்துகிறாள். அன்றைக்கு விசில் அவளுக்கு.

பதினேழு விதிகளில் நாலாவது விதி, உடம்பில் நகை எதுவும் கூடாது என்கிறது. ராயபுரம் பையன் ஒருவன் சிலுவை டாலரைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தான். இன்னொருவன் மணிக்கட்டுக் கயிற்றைப் பல்லாலேயே அறுத்தான். மூன்றாமவன் கழுத்தில் துளசிமணி மாலை. விரதத்துக்காகச் செருப்பையே விட்டிருந்தவன், ஆட்டத்துக்காக பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். மாலையை மலைக்குப் போய் வந்துதான் கழற்ற முடியும்.

“டேப் சுத்திடலாம் மேடம்” என்றார் கோச். டேப் ஒட்டி மறைப்பதையும் அதே விதி தடுக்கிறது. பந்துக்கு முட்டிமோதும்போது எதிராளியின் விரல் மாலையில் மாட்டினால் இருவருக்குமே ஆபத்து. அவள் தலையசைத்து மறுத்தாள். கோச் நேராக அப்பாவிடம் போனார்: “சார், நீங்களாவது சொல்லுங்க, நம்ம பொண்ணுதானே.”

“மேட்ச் அவ மேட்ச்” என்று சொல்லிவிட்டு, அவர் கொடியை உதறிப் பிரித்துக்கொண்டு லைனுக்கு நடந்தார்.

அவள் செய்தது சரி என்றுதான் எனக்குப் பட்டது. ஆனாலும் அந்தப் பையன் ஆட்டம் முழுக்க வெளியே போன பந்துகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் நடுவர் பந்தைத் துரத்துவதுபோலத் தெரியும். அவள் ஓடியது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போகும் சாய்கோட்டை ஒட்டி. அந்தக் கோட்டுக்கு எட்டாத இரண்டு பக்கங்களையும் லைன் பார்க்கிறவர்கள் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்கிறார்கள். பந்து எங்கே போனாலும் இரண்டு பேர் பார்வைக்கு நடுவில் இருக்கும். 1934இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்துக்கு நடுவராக இருந்த ஸ்டான்லி ரூஸ் வளர்த்தெடுத்த முறை இது. பிற்பாடு ஃபிஃபாவுக்கே தலைவரானவர் அவர்.

லைன் வேலை இடுப்பை ஒடிக்கும். தடுக்கும் அணியில் கோலியையும் சேர்த்து எண்ணினால் கடைசிக்கு முந்தின ஆள் எவனோ, அவனுக்கு நேராகவே நிற்க வேண்டும். முகத்தை மைதானத்தைவிட்டுத் திருப்பாமல் பக்கவாட்டில் நகர வேண்டும். ஆஃப்சைடு என்றால் கொடி மேலே. விசில் வந்ததும், தப்பு எதிர்ப்பக்கத்தில் என்றால் கொடி மேல்நோக்கிச் சாயும்; நடுவில் என்றால் நேராக நீளும்; இந்தப் பக்கம் என்றால் கீழே சாயும். வாயைத் திறக்கவே தேவையில்லை. களத்தில் ‘அப்பா’ என்று கூப்பிடக் கூடாது என்பது இவர்களே வைத்துக்கொண்ட பதினெட்டாவது விதி.

இரண்டாம் பாதியில் அப்பாவின் கொடி உயர்ந்தது. மகள் விசில் ஊதவில்லை. கையை ஆட்டிக் கொடியை இறக்கச் சொன்னாள். எதிரணி டிஃபெண்டர் வேண்டுமென்றே ஆடிய பந்துதான் ஃபார்வர்டிடம் வந்தது, ஆகவே ஆஃப்சைடு இல்லை என்பது அவள் கணக்கு. அப்பா அந்த நொடியே கொடியை இறக்கிவிட்டு ஓடினார். கோல்.

“இன்னாமே, கண்ணு தெரியுதா இல்லியா? உங்கப்பனே கொடி தூக்கிட்டாரு!” என்று கோட்டுக்கு வெளியேயிருந்து ஒரு தகப்பன் கத்தினார். மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அறிமுகமாயின. 2019 முதல் பயிற்சியாளருக்கும் காட்டலாம். பெற்றோருக்குக் காட்ட மட்டும் இன்னும் அட்டை வரவில்லை. அவள் ஆட்டத்தை நிறுத்தி, கோச்சிடம் போய் ஏதோ சொன்னாள். கோச் அந்த மனிதரை டீக்கடைப் பக்கம் அழைத்துப் போன பிறகுதான் மறுபடி விசில் வந்தது.

இடையில் பையன்களிடம் பேச்சுக் கொடுத்தேன். வியாசர்பாடியிலிருந்து சென்னையின் எஃப்.சி.க்கு ஆடப் போன தனபால் கணேஷை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2016இல் ஃபிஃபா நடுவர் பேட்ஜ் வாங்கிய திண்டுக்கல் ரூபா தேவியை, நான் கேட்ட ஒருவனுக்கும் தெரியவில்லை. இதில் ஆச்சரியமில்லை, நன்றாக ஊதிய மேட்சில் நடுவர் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். பந்து டிஃபெண்டர் காலில் பட்டுத் திரும்பியதே தவிர, அவன் ஆடவில்லை என்றார். மகள் இரண்டு பிஸ்கட்டையும் ஒரு சர்க்கரைக் கட்டியையும் மேசைமேல் நகர்த்தி, அவன் காலை நீட்டியதை ஆடிக் காட்டினாள். மகன் ஒரு தரம் அப்பா பக்கம், ஒரு தரம் அக்கா பக்கம்.

“சரி, அத விடு. அடுத்த வாரம் மாலை போட்ட பசங்க இன்னும் நெறைய வருவாங்க. என்ன பண்ணுவ?”

“இன்னைக்கே ரெண்டு கோச்சுக்கும் சொல்லிட்டேன்பா. அடுத்த வாரம் விசில் உங்களுக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க?”

அப்பா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, டீக்கு எவ்வளவு என்று கடைக்காரரைக் கேட்டார்.