கால் இருக்கிற வரைக்கும்

திருச்சி கே.கே. நகர் வீட்டில் அப்பாயியின் அறைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது கடுக்காய்ப் பொடி வாசனைதான். அதன் பின்னாலேயே வெற்றிலையும் முட்டிக்குத் தேய்த்த தைலமும் வரும். சித்த வைத்தியர்கள் காலங்காலமாகச் சொல்கிறபடி காலையில் இஞ்சி, மத்தியானம் சுக்கு, ராத்திரி கடுக்காய்; விமானம் கூரையை உரசுகிற மாதிரி இரைந்து இறங்கினாலும் அவள் உரல் நிற்காது. கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி. அதற்குள் கோடிப் புடவை, ஈயம் வைத்து அடைத்த காசிச் சொம்பு, மஞ்சள் பையில் சுருட்டிய பணம். "ஓயாமரிக்குப் போற செலவுக்கு எவன்கிட்டயும் கை நீட்டப்படாதுடா" என்பாள். காவிரிக்கரைச் சுடுகாட்டின் பேரை, மார்க்கெட்டுக்குப் போகிறதைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்வாள். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

அந்தக் கலக்கத்தோடுதான் ஒரு லீவு நாளில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனேன். தன்வந்திரி சன்னதியில் அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நெடுநேரம் முணுமுணுத்தாள். பிறகு உடையவர் சன்னதி. உடையவர் என்கிற ராமானுஜர் 1017இல் பிறந்து 120 வருஷம் இருந்தார் என்பது அங்குள்ளவர்களின் கணக்கு. உள்ளே இருப்பது சிலையில்லை, அவருடைய திருமேனியே என்பதும், வருஷத்துக்கு இரண்டு தடவை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாற்றுவார்கள் என்பதும் நம்பிக்கை. செம்மஞ்சள் நிறத்தில், கண் திறந்து, நேராக என்னையே பார்த்தார். சாவுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

குங்குமப்பூவுக்கு எங்கே போவேன்? பூஜை டப்பாவிலிருந்து பச்சைக் கற்பூரத்தை நுணுக்கி, சமையல் மஞ்சளைக் குழைத்து, மத்தியானம் அசந்து தூங்கிய அப்பாயியின் முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் பொறுமையாகத் தடவினேன். சுருக்கங்களுக்குள் மஞ்சள் ஓடைபோல இறங்கியது. பாதியில் முழித்துக்கொண்டவள் கையை மோந்து பார்த்தாள். "ஏண்டா, என்னைச் சக்கரைப் பொங்கலா கிண்டப் பாக்குறியா?"

விஷயத்தைச் சொன்னதும் வெற்றிலைச் சாறு வழியச் சிரித்தாள். "நூத்தி இருவது வருசம் நான் எதுக்குடா? கால் இருக்கிற வரைக்கும் இருந்தாப் போதும். படுக்கையில கெடக்காமப் போய்ச் சேரணும். கடுக்கா திங்கிறது அதுக்குத்தான்." தன்வந்திரியிடம் முணுமுணுத்ததும் அதைத்தானாம்.

பல வருஷம் கழித்து, காலையில் துணி உலர்த்திவிட்டு வந்து படுத்தவள் மத்தியானத்துக்குள் போய்விட்டாள். தகரப்பெட்டிப் பணம் செலவுக்குச் சரியாக இருந்தது.

ஆயுளைக் கூட்டுவதாகச் சொல்லி இப்போது எத்தனையோ மாத்திரையும் மாவும் விற்கிறார்கள். வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வாங்குவதற்கு முன்னால், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது ஆயுளா, நடமாட்டமா என்று ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.