பரணில் ஒரு துப்பாக்கி, மலைமேல் ஒரு கோட்டை

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 50 கிலோமீட்டர்தான். தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளும் கண்டெய்னர்களும் கம்பெனி பஸ்களும் வரிசை கட்டி ஓடுகின்றன. இரு சக்கர வாகனம், லாரி, கைக்கடிகாரம், செல்போன் பாகம் என இந்தப் பகுதியில் தயாராகாத பொருள் குறைவு. ஆனால் கிருஷ்ணகிரியை நெருங்கும்போது கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்கள். ஊருக்கு மேலே செங்குத்தாக ஒரு பாறை மலை. அதன் முதுகில் கோட்டைச் சுவர். உள்ளூர்க்காரர்களுக்கு அது சையத் பாஷா மலை.

ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் குன்றுக்கு ஒரு கோட்டை இருந்தது. பாரா மகால் என்ற பெயரே பன்னிரண்டு கோட்டைகளைக் குறிப்பது என்பார்கள். கோட்டைக்குக் கோட்டை பீரங்கி, துப்பாக்கி, வெடிமருந்துக் கிடங்கு. அந்த ஆயுதங்களெல்லாம் இப்போது எங்கே?

கல் ஜெயித்த இரவு

மைசூரின் திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த மூன்றாவது போரில் இந்த மலைகள்தான் வாசற்கதவு. தமிழகச் சமவெளியிலிருந்து மைசூர் மேட்டு நிலத்துக்கு ஏறும் கணவாய்ப் பாதைகள் இங்கேதான் இருக்கின்றன. 1791 ஜூலையில் ஓசூர் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதே மாதம் ராயக்கோட்டையும் விழுந்தது.

கிருஷ்ணகிரி மட்டும் மசியவில்லை. 1791 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் தலைமையில் ஒரு படை இரவில் ஏறியது. கீழ்க்கோட்டை பிடிபட்டது. மேல்கோட்டை வாசலுக்கு ஏணிகளோடு போனவர்கள் மீது, மேலே இருந்தவர்கள் பெரும் பாறைகளை உருட்டிவிட்டார்கள். ஏணிகள் நொறுங்கின. துப்பாக்கி ஏந்திய படை, கல்லுக்குத் தோற்றுத் திரும்பியது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கையெழுத்தான உடன்படிக்கையில்தான் பாரா மகால் ஆங்கிலேயர் வசமானது.

இன்று மலையேறுபவர்கள் படிக்கட்டு, மதில், சுனை, தர்கா எல்லாவற்றையும் பார்க்கலாம். காலையில் ஏறுவது நல்லது. பாறை சூடேறிவிட்டால் கால் வைக்க முடியாது. ஏறி முடித்து மூச்சு வாங்கும்போது, மேக்ஸ்வெல்லின் ஆட்கள் ஏன் திரும்பிப் போனார்கள் என்பது பாடப்புத்தகம் இல்லாமலே புரியும்.

கிணற்றில் கிடந்த ராக்கெட்

திப்புவின் படையில் எதிரிகள் அதிகம் பயந்தது ராக்கெட்டுக்கு. இரும்புக் குழலில் கருமருந்தைக் கெட்டித்து, நீண்ட மூங்கிலோடு கட்டி ஏவுவார்கள். வேறு இடங்களில் அட்டை போன்றவற்றில் குழல் செய்தபோது, மைசூரில் இரும்பில் செய்தார்கள். இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும். அதனால் தூரமும் வேகமும் கூடின. பெங்களூரில் கே.ஆர். மார்க்கெட் அருகே உள்ள தாராமண்டல்பேட்டை, இந்தத் தொழிலோடு சேர்த்துச் சொல்லப்படும் இடம். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான்.

திப்பு வீழ்ந்த பிறகு சில ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றைப் பார்த்துத்தான் வில்லியம் காங்கிரீவ் அங்கே புது ராக்கெட்டுகளை உருவாக்கினார். 1960-களில் அமெரிக்காவின் நாசா மையம் ஒன்றில், திப்புவின் ராக்கெட் படையைக் காட்டும் ஓவியம் மாட்டியிருப்பதைக் கண்டு அப்துல் கலாம் வியந்ததை 'அக்னிச் சிறகுகள்' படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அசல் ராக்கெட் நம் நாட்டில் மிச்சம் இருக்கிறதா? இருக்கிறது. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகரா கிராமத்தில் 2002-ல் ஒரு பழைய கிணற்றைத் தூர்வாரியபோது சுமார் 160 இரும்புக் குழல்கள் கிடைத்தன. வெகு நாள் அவற்றைச் சாதாரணக் குண்டுகள் என்றே நினைத்திருந்தார்கள். பிறகுதான் ராக்கெட் என்று தெரிந்தது. 2018-ல் அதே கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் எடுத்தார்கள். மண்ணில் வெடிமருந்து வாசனை அடித்ததே தடயம். பழைய இரும்பு என்று யாராவது எடைக்குப் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும்.

லண்டனில் ஏலம், தஞ்சையில் எடைக்கு

அப்படி எடைக்குப் போன கதையும் நம்மிடம் உண்டு. 1855-ல் தஞ்சாவூர் மராட்டிய அரசு முடிவுக்கு வந்தபின், அரண்மனை ஆயுதக் கிடங்கில் இருந்தவற்றில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய உலோகமாக விற்றுவிட்டார்கள். தேர்ந்தெடுத்த சில மட்டும் சென்னைக்கு வந்தன. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ஆயுதப் பிரிவில் அவற்றைப் பார்க்கலாம்.

இன்னொரு பக்கம், திப்புவின் ஆயுதங்கள் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் வீடுகளில் தங்கிவிட்டன. 2015-ல் லண்டனில் ஒருவரின் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. வாள், துப்பாக்கி, சிறு பீரங்கி உட்பட முப்பது பொருட்கள் சேர்ந்து சுமார் 60 லட்சம் பவுண்டுக்கு விலை போயின. 2023-ல் திப்புவின் படுக்கையறை வாள் ஒன்று மட்டும் சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுண்டு. பொருளோடு அதன் வரலாறும் எழுதிவைக்கப்பட்டிருந்ததால் வந்த விலை இது. யாருடையது, எங்கே கிடைத்தது என்று தெரியாத பழைய துப்பாக்கி வெறும் இரும்பும் கட்டையும்தான்.

காட்டோர வீடுகளின் நாட்டுத் துப்பாக்கி

ஓசூரின் தொழிற்சாலைப் புகையைத் தாண்டித் தெற்கே போனால் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி. ராகிக் கொல்லையும் காடும் அடுத்தடுத்து. யானையும் காட்டுப்பன்றியும் இரவில் கொல்லைக்கு வரும். இந்தப் பக்கத்து வீடுகளில் நாட்டுத் துப்பாக்கி பழைய சங்கதி. குழலின் வாய் வழியாகக் கருமருந்து, துணி, ஈயக் குண்டு என ஒவ்வொன்றாகப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். ஒரு முறை சுட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். திப்பு காலத்துச் சிப்பாய் செய்த அதே வேலை.

பயிர்க் காவலுக்கு இத்தகைய துப்பாக்கி வைத்துக்கொள்ள 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் உரிமம் பெற இடம் உண்டு. சிக்கல் என்னவென்றால், உரிமம் எடுத்த தாத்தா போய்ச் சேர்ந்திருப்பார். துப்பாக்கி மட்டும் பரணில் கிடக்கும். சில வீடுகளில் உரிமமே இருந்திருக்காது. உரிமமில்லாத துப்பாக்கியை ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று கிருஷ்ணகிரி மாவட்டக் காவல்துறை கிராமம் கிராமமாக அறிவித்ததும் அதனால்தான். வேட்டையிலும் குடும்பச் சண்டையிலும் இந்தத் துப்பாக்கிகள் உயிரைப் பறிக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

'ரொம்பப் பழசு, சுடாது' என்றால் போதுமா? போதாது. பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழங்கால ஆயுதத்துக்குத்தான் சட்டம் முழு விலக்கு தருகிறது. 2020-ல் வந்த திருத்தம், அரும்பொருள் வகையில் சேரும் சில துப்பாக்கிகளை உரிமமின்றி வைத்திருக்க அனுமதிக்கிறது. ஆனால் சுடவோ, வெளியே எடுத்துச் செல்லவோ உரிமம் வேண்டும். உங்கள் வீட்டுத் துப்பாக்கி எந்த வகை என்பதை நீங்களே முடிவு செய்ய முடியாது. காவல் நிலையத்திலோ கலெக்டர் அலுவலகத்திலோ கேட்க வேண்டும். உரிமம் பெற்றவரும் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது 2019 முதல் சட்டம்; பரம்பரைத் துப்பாக்கியும் அந்தக் கணக்கில்தான். நூறு ஆண்டு தாண்டிய பொருள் என்றால், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது.

எல்லோருக்குமான சேகரிப்பு

பழைய துப்பாக்கிமேல் ஆசை உள்ளவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகக் கட்டடத்தில் 2021 செப்டம்பரில் காவல் அருங்காட்சியகம் திறந்தார்கள். காவல்துறையின் பழைய ஆயுதங்கள், சீருடை, பதக்கங்கள், வயர்லெஸ் கருவிகள் எல்லாம் அங்கே உண்டு. ஒரு தலைமுறைக்குப் போலீஸ் என்றாலே நினைவுக்கு வந்தது தோளில் தொங்கிய 303 ரைஃபிள். வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் தயாரானது அது. அதே உருவத்தில் 410 மஸ்கெட் என்று ஒன்றும் உண்டு. ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. குழலில் மரை கிடையாது. ராணுவத் துப்பாக்கியின் பலத்தைக் குறைத்து, போலீசுக்கும் சிறைக் காவலருக்கும் கொடுக்க மாற்றியமைத்தது. ஆளும் அரசு தன் காவலரையே எவ்வளவு நம்பியது என்பதை அந்தக் குழல் சொல்லிவிடுகிறது.

பரணில் அப்படி ஒன்று இருந்தால் தொட்டுத் துடைக்க வேண்டாம். விசையை இழுத்துப் பார்க்கவே வேண்டாம். உள்ளே பழைய மருந்து கெட்டித்தபடியே இருக்கலாம். காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அதற்கு முன், அது யாருடையது, எந்தக் கொல்லையைக் காத்தது, எப்படி வீட்டுக்கு வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். துப்பாக்கியைக் காவல் நிலையம் வாங்கிக்கொள்ளும். கதையைக் குடும்பம் வைத்துக்கொள்ளலாம், அதற்கு உரிமம் தேவையில்லை.