சீதாஎலியவும் கணினியில் முளைக்கும் அசோகவனமும்

நுவரெலியாவிலிருந்து பதுளை வீதியில் சுமார் ஐந்து கிலோமீற்றர் சென்றால் சீதாஎலிய. வீதியோரத்தில் அம்மன் கோயில், அதன் பின்னே பாறைகளைத் தழுவி ஓடும் ஓடை, அதற்கப்பால் ஹக்கலைக் காடு. சீதை சிறையிருந்த அசோகவனம் இதுவே என்பது மக்கள் நம்பிக்கை. பாறையிலுள்ள குழிகளை அனுமனின் பாதச்சுவடு என்பார்கள். 2024 மே மாதக் கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியின் சரயு நதித் தீர்த்தம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்ரீலங்கன் விமான சேவை வெளியிட்ட இராமாயணத் தலங்கள் பற்றிய விளம்பரம் பெரிதாகப் பேசப்பட்டது.

இங்கு எடுக்கப்படும் படங்கள் இப்போது கணினிக்குள் போய் புராணக் காட்சிகளாக வெளிவருகின்றன. மலையுச்சியில் புஷ்பக விமானம், ஓடைக்கரையில் சீதை, வானத்தை மறைத்து அனுமன். புதுமை என்று சொல்லிவிட முடியாது. 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய ரவிவர்மா, தெய்வங்களை மெய்யான மலையும் ஆறும் போன்ற பின்னணியில் நிறுத்தி வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர். எமது லயத்துக் காம்பராச் சுவர்களில் தொங்கும் கலண்டர் சாமிப் படங்கள் அந்த வழியில் வந்தவைதான்.

தொழில்நுட்பமும் எட்டாத வித்தையல்ல. படத்தின் மேல் கண்ணாடித் தாள்களை அடுக்குவது போல, மலை ஒன்றிலும் உருவம் ஒன்றிலும் மேகம் ஒன்றிலுமாக வைக்கிறார்கள். ஒளி வரும் திசைதான் பலரைக் காட்டிக்கொடுக்கிறது. மலைக்கு இடப்புறமிருந்து வெயில், சீதையின் முகத்திலோ வலப்புறமிருந்து வெளிச்சம்! தூரத்து உருவத்தைச் சற்று நீலமாக மங்கச் செய்ய வேண்டும். மலைநாட்டுப் பனிமூட்டம் இதற்குப் பெரிய உதவி. வெட்டி ஒட்டிய விளிம்புகளை அது மூடிவிடும்.

ஆனால் சேர்ப்பதைவிட நீக்குவதே அதிகம். மின்கம்பி போகிறது, தகரக் கூரை போகிறது, லயம் போகிறது. பிறகு கூடை சுமந்து படங்கு கட்டி நிற்கும் பெண்களும் போகிறார்கள். பட்டியலிலிருந்து நீக்கப்படுவது எம்மவருக்குப் புதிதா என்ன? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அதைத்தானே செய்தது.

வேடிக்கை என்னவென்றால், ஆதிவனமாகக் காட்டப்படும் அந்தப் பச்சைச் சரிவு ஆதியானது அல்ல. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது 1867இல். அதற்கு முன்பே கோப்பிக்காகப் பெருங்காடுகள் அழிக்கப்பட்டிருந்தன. படங்களில் கம்பீரமாக நிற்கும் சில்வர் ஓக்கும் யூகலிப்டஸும் அவுஸ்திரேலிய மரங்கள். உண்மையான அசோகமோ வெப்பமான தாழ்நிலத்து மரம். பல படங்களில் அதற்குப் பதில் நெட்டிலிங்கம் நிற்கிறது. ஹக்கலைப் பக்கம் சிவப்பாகப் பூக்கும் ரொடோடென்ட்ரன் இருக்க, அதைச் சேர்த்திருக்கலாம்.

இராமாயணத்திலும் அசோகவனத்தில் சீதை தனியாக இருக்கவில்லை. சுற்றிலும் பெண்கள்தான். அச்சுறுத்தியவர்களுக்கு நடுவே கனவைச் சொல்லி ஆறுதல் தந்த திரிசடையும் ஒருத்தி. கொழுந்து பறிக்கும் பெண்களை அழிக்காமல் விட்டால் அவர்களில் ஒருத்தியே திரிசடையாக நிற்கலாமே! அப்படியொரு படம் இன்னும் என் கண்ணில் படவில்லை.

சீதாஎலியவில் படமெடுக்க விரும்பும் சகோதரிகள் காலையிலேயே செல்லுங்கள்; பகல் ஏற ஏறப் பனி இறங்கிவிடக்கூடும். ஓடைப் பாறை வழுக்கும், செருப்பைக் கவனியுங்கள். தேயிலை மலையில் நிற்பவர்களை எடுப்பதானால் முதலில் கேளுங்கள். கொழுந்து நிறுக்கப் போகும் நேரமென்றால் மறிக்க வேண்டாம்.