நான்காமவர் எங்கே?

மனிதர் நடவாத பாதையைக் காடு தனதாக்கிக் கொள்கிறது. அதற்கு நெடுங்காலம் தேவைப்படுவதில்லை. ஒரு மழைக்காலத்தில் மண் சரிகிறது. அடுத்த மழைக்காலத்தில் உண்ணிச்செடி மண்டுகிறது. சில ஆண்டுகள் சென்றபின், 'இங்கே ஒரு வழி இருந்தது' என்று சொல்பவரையே நாம் ஐயத்தோடு நோக்கத் தொடங்குகிறோம். அப்படி மறைந்துபோன ஒரு வழியைத் தேடி, 1994-ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில், நாங்கள் நால்வர் பழனிமலைச் சரிவில் ஏறினோம். வழியைத் தேடிப் போன இடத்தில் நாங்கள் தொலைத்தது எதை என்பதை இத்தனை ஆண்டுகள் யாரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. இப்போது சொல்லத் தோன்றுகிறது.

கோடைக்கானலுக்கு இன்று மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத்தில் போய்விடுகிறோம். ஆனால் அந்நகரின் தொடக்கம் சக்கரங்களால் ஆனதன்று. சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்களுக்கும் தப்பி மதுரையிலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிமார் 1845-இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினர். இயேசு சபையைச் சேர்ந்த லூயி சேன் சீர் அடிகளார் 1866-இல் சலேத் அன்னைக்கு அங்கே ஆலயம் எழுப்பினார். 1895-இல் செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரி தோன்றியது. இவை யாவும் நிகழ்ந்தபோது மலைமேல் மோட்டார் சாலை கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான் வத்தலக்குண்டு வழியான மலைச்சாலையில் மோட்டார் வண்டிகள் ஏறத் தொடங்கின. அதற்கு முன்னர்ப் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணமநாயக்கன் தோப்பு வரை மாட்டுவண்டி; அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் தூரம், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட ஏற்றம். குதிரை வைத்திருந்தோர் குதிரையில் போயினர். வசதியுள்ளோர் டோலியில் போயினர். மற்றவர் நடந்தனர். ஆங்கிலேயர் அவ்வழியைக் 'கூலி காட்' என்றே அழைத்தனர்.

அப்பெயரில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. டோலியில் அமர்ந்து போனவர்கள் பலருடைய பெயர்கள் ஏடுகளில் உள்ளன. டோலியைத் தூக்கிப் போனவர்களுக்கு எஞ்சியது அந்தப் பாதையின் பெயர் ஒன்றுதான். பாதை மறைந்தபோது அதுவும் மறைந்தது.

எங்களுள் மூவர் பள்ளி ஆசிரியர்கள். நான்காமவர் ஓய்வுபெற்ற உபதேசியார். வயது அறுபத்தேழு. அவருடைய பாட்டனார் அந்த வழியில் டோலி தூக்கியவர். "தாத்தா தோள்ல காய்ப்புக் காய்ச்சிருக்கும், தம்பி. சின்னப் பிள்ளையில தொட்டுப் பாத்திருக்கேன்" என்பார். முழங்கால் முற்றிலும் இற்றுப்போகுமுன் ஒரு முறையேனும் அந்த வழியே நடந்து செண்பகனூர் போய்ச் சேரவேண்டும் என்பது அவர் ஆசை. எங்களுக்கோ அது ஒரு விடுமுறை உலா. பள்ளியில் வந்து பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு கதை. அவருடைய ஆசையை நிறைவேற்றுவதாகச் சொல்லிக்கொண்டுதான் புறப்பட்டோம். அவருக்காக நாங்களா, எங்களுக்காக அவரா என்று அன்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

கும்பக்கரை அருவியருகே விடியலில் மூவேளைச் செபம் சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினோம். அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "பழைய தடமா? அது தூந்து போயி எம்புட்டோ காலமாச்சே. காட்டுமாடு போற தடத்துல மட்டும் போயிராதீக" என்று எச்சரித்தார். சிரித்துக்கொண்டே நன்றி சொன்னோம். எங்களிடம் பழைய வரைபடம் ஒன்றின் நகல் இருந்தது. படித்தவர்களுக்குக் காகிதத்தின் மீதுள்ள நம்பிக்கை அலாதியானது.

உபதேசியாரும் ஒன்று சொன்னார். "டோலி போற பாதை செங்குத்தா ஏறாது, தம்பி. நாலு பேரு தோள்ல ஒரு ஆள் உக்காந்திருக்கும்போது நெட்டுக்குத்தா ஏற முடியுமா? வளஞ்சு வளஞ்சு, மூச்சு வாங்காமத்தான் போகும். திருப்பத்துல எல்லாம் கல்லுக்கட்டு இருக்கும்னு தாத்தா சொல்லுவாரு." அதையும் கேட்டுக்கொண்டோம். கேட்டுக்கொள்வது வேறு, செவிமடுப்பது வேறு.

முதல் மூன்று மணி நேரம் இனிதாகவே கழிந்தது. நெல்லியும் கடுக்காயும் மூங்கிலுமாகக் கீழ்க்காடு. ஆங்காங்கே பாதை தெளிவாகத் தெரிந்தது. உபதேசியாரின் பையை நாங்களே மாற்றி மாற்றிச் சுமந்தோம். அதில் எங்களுக்குச் சிறிது பெருமையும் இருந்தது. முற்பகல் பதினொரு மணியளவில், வறண்ட ஓடை ஒன்றைக் கடந்ததும், பாதை நின்றுபோயிற்று. எதிரே ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி அது. இன்று நம் மலைகளில் அது புகாத இடம் அரிது. உபதேசியாரின் முழங்காலும் வீங்கத் தொடங்கியிருந்தது.

"நீங்க போயிப் பாத்துட்டு வாங்க, தம்பி. நான் இங்கனயே இருக்கேன்" என்றார். ஒரு பாறையோரம் அவரை அமர்த்தினோம். தண்ணீர்ப் புட்டி ஒன்று, கைத்தடி, செபமாலை ஆகியவை அவரிடம் இருந்தன. அரை மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொன்னோம். அவருடைய பை எங்கள் தோளிலேயே தங்கிவிட்டது. அதில் அவருடைய உணவுப் பொட்டலமும் இருந்தது.

சற்று மேலே ஏறியதும் ஒரு தடம் கிடைத்தது. மகிழ்ச்சி தாங்கவில்லை. நன்கு மிதிபட்ட தடம்; அகலமானது; நேரே மேல்நோக்கி ஏறிற்று. அது நேரே ஏறியதே அது மனிதர் பாதையன்று என்பதற்குச் சான்று என அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. காட்டுமாடுகள் நீருக்கும் புல்லுக்கும் போகும் தடம் அது. 'இன்னும் கொஞ்ச தூரம்' என்று சொல்லிச் சொல்லியே ஒரு மணி நேரம் நடந்தோம். இறுதியில் அது ஒரு புல்வெளியில் பத்துக் கிளைகளாகப் பிரிந்து கரைந்துபோயிற்று. திரும்பினோம். ஏறும்போது ஒன்றாயிருந்த தடம் இறங்கும்போது பலவாயிருந்தது. வந்த வழி எது என்பதில் மூவருக்கும் மூன்று கருத்து. பெயர் சொல்லிக் கூவினோம். மலைமடிப்புகளில் மோதிய எங்கள் குரலே நான்கு திசைகளிலிருந்தும் எங்களுக்குத் திரும்பி வந்தது.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பசி. உணவுப் பொட்டலங்களைப் பிரித்தோம். மூன்றையும் உண்டபின் நான்காவது பொட்டலம் மீந்திருந்தது. எங்களுள் ஒருவர், "அவர் இந்நேரம் கீழே இறங்கிப் போயிருப்பார்" என்றார். எவரும் மறுக்கவில்லை. வீங்கிய முழங்காலோடு ஒருவர் தனியே அந்தச் சரிவில் இறங்கியிருக்க முடியாது என்பது மூவருக்கும் தெரியும். ஆயினும் அந்தச் சொல் எங்களுக்கு வேண்டியிருந்தது. நான்காவது பொட்டலத்தையும் பகிர்ந்து உண்டோம். இதை எழுதும்போது கை சற்றுத் தயங்குகிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றவற்றைச் சொல்வதில் பயனில்லை.

பொழுது சாயச் சாய அச்சம் வளர்ந்தது. நான்கரை மணியளவில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஓடையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவது. ஊரிலிருந்து ஆட்களை அழைத்துவந்து உபதேசியாரைத் தேடுவது. சொல்லளவில் நல்ல முடிவுதான். அவருக்காகவே இறங்குவதாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். உள்ளபடி சொல்வதானால், இருட்டுமுன் எங்களைக் காத்துக்கொள்ளவே இறங்கினோம். அதிலும் மலையறிந்தவர் செய்யாத பிழை ஒன்று இருந்தது. ஓடை எப்போதும் கீழே போகும் என்பது உண்மை. ஆனால் அது அருவியாகவும் போகும். கும்பக்கரைக்கு மேலுள்ள வழுக்குப் பாறைகளில் இருளில் கால்வைத்திருந்தால் இக்கட்டுரையை எழுத எவரும் இருந்திருக்க மாட்டோம்.

அப்போதுதான் அந்த அம்மாள் எதிர்ப்பட்டார். பளியர் இனத்தவர். தோளில் காட்டுவள்ளிக் கிழங்கு மூட்டை, கையில் கிழங்கு தோண்டும் கோல், உடன் ஒரு சிறுவன். எங்கள் கோலத்தைப் பார்த்ததுமே நிலைமை அவருக்குப் புரிந்துவிட்டது. "எத்தன பேரு வந்தீக?" என்று கேட்டார்.

"நாலு பேர்" என்றோம்.

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "மூணு பேருதான நிக்கிறீக? மிச்ச ஆளு எங்க?"

குற்றஞ்சாட்டும் குரலன்று அது. கூடையில் உள்ளதை எண்ணிப் பார்ப்பவர் கேட்பதுபோலத்தான் கேட்டார். ஆனால் நாங்கள் மூவரும் தலைகுனிந்து நின்றோம். மனித வரலாற்றின் தொடக்கத்தில் இறைவன் காயீனிடம் கேட்டதாகத் தொடக்கநூல் சொல்லும் கேள்வி அதுவேயன்றோ? காலையிலிருந்து 'நாங்கள்' என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். நால்வரைக் குறித்த அச்சொல் எந்த நேரத்தில் மூவரைக் குறிக்கத் தொடங்கிற்று? புல்வெளியிலா? உணவுப் பொட்டலத்தைப் பிரித்தபோதா? அல்லது காலையில் அவர் சொல்லைக் கேளாமல் கேட்டுக்கொண்டபோதேயா? எங்களிடம் விடையில்லை.

"மத்தியானத்துல இருந்து அந்தப் பக்கம் யாரோ கல்லுல தட்டுற சத்தம் கேக்குது. அந்தாளாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மாள் முன்னே நடந்தார். சிறுவன் பின்னால் வந்தான். அரை மணிக்கும் குறைவான நேரந்தான். நாங்கள் பகல் முழுதும் தேடிய இடம் அவ்வளவு அருகில் இருந்தது. போகப்போக எங்களுக்கும் அந்த ஒலி கேட்டது: ஐந்தாறு தட்டு, பிறகு நெடிய அமைதி, மீண்டும் ஐந்தாறு தட்டு.

உபதேசியார் நாங்கள் விட்டுச் சென்ற இடத்திலேயே அமர்ந்திருந்தார். செபமாலையில் பத்து மணிகள் முடியும்போதெல்லாம் கைத்தடியால் பாறையில் தட்டியிருக்கிறார். அதனால் நேரக்கணக்கும் தவறவில்லை, செபமும் நிற்கவில்லை. எங்களைக் கண்டதும் அவர் கேட்ட முதற்கேள்வி, "சாப்பிட்டீங்களா, தம்பி?" என்பது.

எங்களால் வாய் திறக்க முடியவில்லை.

அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கைத்தடியால் தம் காலருகே சுட்டினார். பொழுது போவதற்காகச் சருகுகளை விலக்கியிருக்கிறார். சருகுக்கும் மண்ணுக்கும் அடியில், ஒழுங்காக அடுக்கிய கற்கள். திருப்பத்தில் மண் சரியாதிருக்கக் கட்டிய பழைய கல்லுக்கட்டு. நாங்கள் மலையெங்கும் தேடிய பாதையின்மேல்தான் அவரை உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறோம். "வழி இங்கதான் இருக்கு, தம்பி" என்று சொல்லி ஒரு கல்லைத் தடவினார். தாத்தாவின் தோளில் தொட்டுப் பார்த்ததாகச் சொன்ன காய்ப்பு எங்கள் நினைவுக்கு வந்தது.

அன்றிரவு அந்த அம்மாளின் குடியிருப்பில் தங்கினோம். கிழங்கை அவித்துத் தந்தார்கள். முதலில் உபதேசியாருக்கே கொடுத்தார்கள். அவர் அன்று முழுதும் உண்ணவில்லை என்பதை நாங்கள் சொல்லாமலே அறிந்திருந்தார்கள். நாங்கள் நீட்டிய பணத்தை அந்த அம்மாள் வாங்கவில்லை. நெருப்பருகே அமர்ந்திருந்தபோது எங்களுள் ஒருவர் துணிந்து, "உங்கள் சோற்றை நாங்கள் சாப்பிட்டுவிட்டோம், ஐயா" என்றார். உபதேசியார் சிரித்தார். "பசிச்சா சாப்பிட வேண்டியதுதான? நான் இன்னைக்கு ஒருசந்தின்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். நாங்கள் பெற்ற பாவமன்னிப்புகளுள் அதனினும் எளிமையானது ஒன்றில்லை. அதனினும் கனமானதும் ஒன்றில்லை.

மறுநாள் அவரைத் தாங்கிப் பிடித்துக் கீழே இறக்கினோம். சில இடங்களில் இருவர் கைகோத்து அவரைத் தூக்கவும் நேர்ந்தது. டோலி தூக்கியவரின் பேரன் அன்று தூக்கிச் செல்லப்பட்டார். அது அவருக்குக் கூச்சமாயிருந்தது; எங்களுக்கு ஆறுதலாயிருந்தது. அந்த வழியே செண்பகனூர் போகும் அவரது ஆசை நிறைவேறவில்லை. இன்று அவர் நம்மிடையே இல்லை. அந்நாளைப்பற்றி அவர் எவரிடமும் குறையாகச் சொன்னதில்லை என்பதை அவர் அடக்கத்தன்றுதான் அவர் வீட்டாரிடமிருந்து அறிந்தோம். "சாருக எல்லாம் பத்திரமாக் கூட்டிட்டு வந்தாங்க" என்றே சொல்லியிருக்கிறார்.

எங்களைப்போல் எவரும் இன்று புறப்படலாகாது. அக்காடுகளின் பெரும்பகுதி 2013-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2018 மார்ச் 11-இல் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் சென்ற பலர் மாண்ட துயரத்தை நாம் மறக்கவில்லை. வனத்துறையின் இசைவும் வழியறிந்தவர் துணையும் இன்றி மலையில் கால்வைப்பது வீரமன்று. வழி தவறினால் இருந்த இடத்திலேயே இருப்பதும், ஒலியெழுப்புவதும் உயிர்காக்கும் அறிவு. உபதேசியார் எந்த நூலிலும் படிக்காமலே அதைச் செய்தார்.

காணாமற்போன ஆட்டின் உவமையை லூக்கா நற்செய்தியிலிருந்து மாணவருக்குப் பலமுறை கற்பித்திருக்கிறோம். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போகும் ஆயரின் அன்பை விளக்கியிருக்கிறோம். அந்த நாளுக்குப் பின் அப்பகுதியைப் படிக்கும்போதெல்லாம் வேறொன்றும் தோன்றுகிறது. ஆயர் எண்ணிப் பார்த்ததால்தான் ஒன்று குறைந்தது அவருக்குத் தெரிந்தது. எண்ணாதவனுக்குக் குறைவும் தெரியாது. தேடவேண்டிய கடமையும் எழாது. நம் இல்லங்களிலும் பங்குகளிலும் அன்பியங்களிலும் 'நாம்' என்று எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! நடக்க இயலாதவர், நம்மோடு வேகமாக வர மாட்டாதவர், சற்று நேரம் இங்கேயே இருங்கள் என்று நாம் உட்காரவைத்துவிட்டு வந்தவர் ஆகியோர் அச்சொல்லுக்குள் இன்னும் இருக்கிறார்களா?

நாங்கள் மூவரும் முதியவர்களாகிவிட்டோம். இப்போதும் எங்கேனும் கூடிப் புறப்படும்போது எங்களுள் ஒருவர் பழக்கமாகத் தலைகளை எண்ணுவதுண்டு. எண்ணி முடித்ததும் சற்று நேரம் எவரும் பேசுவதில்லை. எங்கோ ஒரு பாறையில் கைத்தடி தட்டும் ஒலி கேட்பதுபோல் இருக்கும்.