சுடுகாட்டு மல்லி

நமது இல்லத்து வாயிலின் இருமருங்கிலும் நித்தியகல்யாணிச் செடிகளை வரிசையாக நட்டிருந்தோம். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஐந்திதழ் மலர்கள் நாள் தவறாமல் பூத்தன. ஒரு நாள் அவ்வழியே வந்த அண்டை வீட்டுப் பெரியம்மா திடுக்கிட்டு நின்றார். "தம்பி! இது சுடுகாட்டு மல்லியல்லவா? குடியிருக்கும் வீட்டுக்கு ஆகாதப்பா, பிடுங்கி எறி" என்றார். நாம் பிடுங்கவில்லை, பெரியம்மா அதன்பின் நம் வாயிலை மிதிக்கவுமில்லை.

இச்செடி செய்த குற்றம் யாது? ஆப்பிரிக்கக் கண்டத்தை அடுத்த மடகாஸ்கர் தீவே இதன் பிறப்பிடம். அங்கிருந்து வெப்ப நாடுகளெங்கும் பரவிற்று. இதற்கு வளமான மண் வேண்டா; நாள்தோறும் நீர் வேண்டா. கசப்பும் நஞ்சும் உள்ளமையால் ஆடுமாடுகளும் இதனைத் தின்பதில்லை. ஆகவே, கவனிப்பார் அற்ற சுடுகாட்டிலும் பிழைத்து நின்றது. பிழைத்து நின்றதையே நம்மவர் குற்றமாக்கினர்!

ஜமெய்க்காத் தீவில் இதன் இலையை நீரிழிவுக்குக் கஷாயமிட்டுக் குடிக்கும் வழக்கம் இருந்தது. 1952-ஆம் ஆண்டில் அவ்விலைகள் கனடாவிலிருந்த ராபர்ட் நோபிள் என்னும் அறிஞரிடம் வந்து சேர்ந்தன. அவற்றின் சாற்றை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது சர்க்கரை குறையவில்லை. இரத்தத்தின் வெள்ளணுக்களே குறைந்தன. வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகுவதன்றோ இரத்தப் புற்றுநோய்! நோபிளும் சார்லஸ் பீர் என்பவரும் ஆராய்ந்து 'வின்பிளாஸ்டின்' என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். இதே செடியிலிருந்து கிடைத்த 'வின்கிரிஸ்டின்' 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிற மருந்துகளோடு சேர்த்து அளிக்கப்படும் இது, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முதன்மையான மருந்துகளுள் ஒன்று.

சில ஆண்டுகள் கழித்து அப்பெரியம்மாவின் பேரனுக்கே அந்நோய் கண்டது. மருத்துவமனையில் அவனைக் காணச் சென்றபோது, நரம்பின் வழி ஏற்றும் மருந்தின் பெயரைத் தாதியைக் கேட்டறிந்தோம்: வின்கிரிஸ்டின். அது பிறந்த கதையைப் பெரியம்மாவுக்குச் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. பேரனின் கையைப் பற்றியபடியே இருந்தார்.

பையன் பிழைத்தான், இன்று பள்ளிக்குச் செல்கிறான். அண்மையில் பெரியம்மா நம் வாயிலுக்கு வந்தார். "தம்பி, ஒரு கன்று கொடு. வாசலில் வேண்டா, கொல்லையில் வைக்கிறேன்" என்றார். நெடுநாள் அச்சம் ஒரே நாளில் வாயிலைத் தாண்டுமா? கொல்லையாவது கிடைத்ததே!

அன்பர்களே, இவ்விலையை வீட்டில் கஷாயமிட்டுக் குடித்தல் நஞ்சுண்பதாகும். அதை மருந்தாக்குவது அறிந்தோர் வேலை. பூவை வாயிலில் நடுவது நம் வேலை.